நான்கு விரற்கடை

பதினோரு வருஷமாகத் தொலைக்காட்சியில் தோற்றுக்கொண்டிருந்த ஒரு மல்யுத்தக்காரனின் முதுகு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றேகால் மணிக்கு, விரிப்பைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்தில் நின்றுவிட்டது. மேலே படுத்து அமுக்கிக்கொண்டிருந்தவன் நூற்றுப் பதினெட்டுக் கிலோ. ‘இடி’ என்று பட்டப்பெயர், அந்த வருஷம் வளர்ந்துவந்த ஆள். நடுவர் வழக்கம்போல் மண்டியிட்டுக் கையை ஓங்கினார். தோள் இரண்டும் விரிப்பில் பட்டிருந்தால்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டி எண்ணி ஆட்டத்தை முடிக்கலாம். ஓங்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டு, மற்ற கையை முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவில் விட்டுப் பார்த்தார். கை தாராளமாகப் போய்த் திரும்பி வந்தது. விதிப்புத்தகத்தைத் தவிர உலகத்தில் வேறெதையும் பற்றிக் கருத்தில்லாத மனிதர் அவர். “படலப்பா,” என்றார். ஆட்டம் தொடர்ந்தது.

அந்த நேரத்தில் கட்டுப்பாட்டு அறையில் ஏழு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள், அந்தரத்தில் கிடந்தவனின் கூடப்பிறந்த அக்கா. நிகழ்ச்சிக்குக் கதை எழுதுகிறவளும் அவள்தான். தம்பி காற்றில் கிடப்பதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது, இரண்டாவது ஆட்டம் நான்கு நிமிஷம் தள்ளிப்போகுமே என்பதுதான். கூடப்பிறந்தவன் தொங்கும்போது கடிகாரத்தைப் பார்க்கிற மனசு தனக்கு எப்போது வந்தது என்று பின்னாளில் அவள் பலமுறை கேட்டுக்கொண்டாள். ஒரே நாளில் வந்ததல்ல என்பது மட்டும் தெரிந்தது.

தொலைக்காட்சி மல்யுத்தத்தில் அடி நிஜம், வலி நிஜம், முடிவு மட்டும் முன்கூட்டி எழுதியது. யார் யாரோடு மோதுவது, எந்த வாரம், எத்தனை நிமிஷம், யாருக்கு வெற்றி என்பதையெல்லாம் எழுதும் இடம், படப்பிடிப்புக் கூடத்தின் மாடியில், குளிர்சாதனப் பெட்டி ஒழுகுகிற ஒரு சின்ன அறை. அறையின் நீளத்துக்கு ஒரு பலகை. இடப்பக்கம் ஜெயிக்கிறவர், வலப்பக்கம் தோற்கிறவர். பெயர் எழுதிய அட்டைகளைக் காந்தத்தால் ஒட்டி, ஆறேழு மாதத்துக்கு முன்பாகவே வாரம் வாரமாக அடுக்கியிருப்பாள். ஆறப்போடுவதில் அவள் கெட்டிக்காரி. சண்டைபோட்டுப் பிரிந்த இரண்டு நண்பர்களை ஒன்பது மாதம் கை குலுக்கவிடாமல் இழுத்தடித்து, கடைசியில் ஒருவன் கையை நீட்டியபோது கூடம் மொத்தமும் எழுந்து நின்றது. சேனலின் தலைமை அதிகாரிக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. “ஜனங்க வேற சேனலுக்கு மாத்திடுவாங்கம்மா,” என்பார். “மாத்தட்டும் சார். என்ன ஆச்சோன்னு திரும்பி வருவாங்க,” என்பாள். திரும்பி வந்தார்கள்.

ஒருவன் பெரிய ஆளாகத் தெரிய வேண்டுமென்றால் அவன் முன்னால் இன்னொருவன் நன்றாக விழ வேண்டும். அவள் தம்பி விழுவதில் வல்லவன். எறிந்தவனுக்குப் பலம் இருக்கிறதோ இல்லையோ, இவன் விழுகிற சத்தத்தில் அது வந்துவிடும். அதே சமயம், அந்தப் பதினோரு வருஷத்தில் அவனோடு மோதிய ஒருவருக்கும் ஒரு சுளுக்குகூட வந்ததில்லை. வாராவாரம் முதல் ஆட்டம் அவனுடையது, மூன்று நிமிஷம். ஐந்நூற்று அறுபத்தெட்டுத் தோல்வி, மூன்று வாரம் காய்ச்சல். அந்த இடத்துக்கு அவள் பெயர் எழுதுவதையும் விட்டுவிட்டாள். வலப்பக்கம், முதல் வரிசையில் ஒரு வெற்று அட்டை ஒட்டியிருக்கும். வேறு யார் வரப்போகிறார்கள்?

அவன் அவளுக்குத் தம்பி என்பது அங்கே யாருக்கும் தெரியாது. விளக்கு மாட்டுகிறவரிலிருந்து பட்டம் வைத்திருக்கிறவர் வரை எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அவன் குரலும் கலந்துபோயிற்று. சேர்ந்த முதல் நாளே அவள் சொல்லியிருந்தாள்: சொந்தம் என்று தெரிந்தால், நீ ஒரு ஆட்டம் ஜெயித்தாலும் நான்தான் தூக்கிவிட்டேன் என்பார்கள். அவன் சரிக்கா என்றான். அதற்கு அவள் வைத்த பெயர் நியாயம். நாளடைவில் அந்த நியாயம் பழக்கமாகி, பழக்கம் வசதியாகி, வசதி என்று தெரியாத அளவுக்கு வசதியாகிவிட்டது. யோசித்தால், அது அதற்கும் முன்பே தொடங்கியது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன பகல்களில், பூட்டிய வீட்டுக்குள் அவள் நாடகம் போடுவாள். அவளுக்குப் பதினொன்று, அவனுக்கு ஐந்து. ராணி, மந்திரி, திருடன் எல்லாம் அவளே. சாகிறவர்கள் எல்லாரும் அவன். கட்டிலிலிருந்து தலையணைமேல் பொத்தென்று விழுந்து, கண்ணை மூடிக் கிடந்தபடியே கேட்பான்: “நான் ஏன்க்கா செத்துப்போனேன்?” அவள் சொல்வாள்: “சும்மா. கதைக்கு வேணும்.”

அன்றைய ஆட்டம் நேரம் முடிந்து மணியடித்துச் சமனில் நின்றது. மருத்துவர் வந்து நாடி பிடித்துப் பார்த்து, ரத்த அழுத்தம் அவருடையதைவிட நன்றாக இருக்கிறது என்றார். ரிங்கைப் பூட்டுகிற தச்சர் அளவுகோலோடு வந்தார். தலைமாட்டில் நாலு விரல், கால்மாட்டில் நாலு விரல். நெஞ்சின்மேல் ரசமட்டம் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. “நான் போட்ட பலகைகூட இவ்வளவு மட்டமா இருக்காது,” என்று மெச்சினார். நிற்கலாம், நடக்கலாம், நாற்காலியில் உட்காரலாம். முதுகைச் சாய்த்தால் மட்டும்தான் இந்தக் கூத்து. அவன் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

தோற்க வேறு வழியும் உண்டு. அடுத்த வாரம் அவனை ரிங்குக்கு வெளியே எறியச் சொல்லி எழுதினாள். வெளியே விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் உள்ளே வரவில்லையென்றால் தோல்வி. எறிந்தார்கள். அவன் கயிறைத் தாண்டிப் போய், முதல் வரிசைக்காரர்களின் முகத்துக்கு நேரே மல்லாந்தபடி மெதுவாக இறங்கி, தரைக்கு நான்கு விரல் மேலே நின்றான். வெளியே விழுந்தால்தானே எண்ண முடியும், இன்னும் விழவில்லையே என்றார் நடுவர். அதற்கடுத்த வாரம் முதுகைக் கீழே போட்டுக் கையை முறுக்கச் சொன்னாள். வலி தாங்காமல் விரிப்பைத் தட்டினால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பாவம், அவன் தட்டத்தான் பார்த்தான். உள்ளங்கை காற்றைத் தட்டிக்கொண்டிருந்தது. சரி, ஜெயிக்கவாவது ஜெயிக்கட்டும் என்றால் அதுவும் இல்லை. இடி வேண்டுமென்றே விழுந்து கிடந்தான், இவன் மேலே போய்ப் படுத்தான். கொடியில் காய்கிற துணி மாதிரி கிடந்ததே தவிர அமுக்குகிற கனம் இல்லை. இடி கூச்சமெடுத்துச் சிரித்துவிட்டான்.

சேனல் அதிகாரி முதல் வாரம் அவனை அனுப்பிவிடச் சொன்னார். மூன்றாவது வாரம் பார்வையாளர் எண்ணிக்கை ஒன்றரை மடங்கு ஆனதும், அடுத்த செவ்வாய்க்கிழமையே அவனுக்குப் பட்டம் கட்டச் சொன்னார். பட்டம், ஜெயித்தவர் இடுப்பில் கட்டிக்கொள்கிற அகல வார், அப்போது ‘மலை’யிடம் இருந்தது. முதல் எபிசோடிலிருந்து இருக்கிற ஆள், முட்டி இரண்டும் தேய்ந்துபோய், மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்குகிறவர். அறுநூறாவது எபிசோடோடு அவர் ஓய்வுபெறுவதாக முடிவாகியிருந்தது. அன்றைக்கு அவர் இடியிடம் தோற்றுப் பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். போகிறவர் வருகிறவரிடம் தோற்பது அந்தத் தொழிலின் முறை. அதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. “எல்லாத்தையும் தூக்கிப் போடும்மா. பறக்கறவன் கைல பட்டத்தக் குடு,” என்றார் அதிகாரி. “அடுத்த வாரம் குடுத்தா அதுக்கடுத்த வாரம் என்ன சார் குடுப்பீங்க?” என்று கேட்டுவிட்டு வெளியே வந்தவள், நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவள் அங்கே போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தம்பி சோபாவுக்கு நான்கு விரல் மேலே படுத்துச் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி அந்த இடைவெளியில் துடைப்பத்தை விட்டுச் சோபாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். “எந்திரி எந்திரின்னு கத்த வேண்டியதில்ல அண்ணி. கல்யாணமான நாள்லேருந்து இப்பதான் இது சுத்தமா இருக்கு,” என்றாள். தம்பி எழுந்து உட்கார்ந்தான். “நான் வேணும்னு பண்ணலக்கா. விழத்தான் பாக்கறேன். தரை வர மாட்டேங்குது.”

அவள் வருகிற வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த தைரியத்தை எடுத்து, பட்டம் வேணுமாடா, யார் என்ன பேசினாலும் பேசட்டும், எழுதிவிடுகிறேன் என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. “நான் இப்ப இருக்கற கனத்துக்கு அத இடுப்புல கட்டினா உருவிட்டு விழுந்துடும்.” செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னான்: “எனக்குத் தோக்கறது பிடிக்கும்க்கா. அது எனக்கு நல்லா வரும். ஏன் தோக்கறேன்னு மட்டும் ஒரு தடவ எழுதிக் குடேன்.”

அக்கா எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரிடம் தோற்றால் உனக்குச் சரியாக இருக்கும் என்று கேட்டாள். இதை அவனிடம் கேட்பது இதுவே முதல் முறை என்பது கேட்டபிறகுதான் உறைத்தது. அவன் யோசிக்காமல் மலை என்றான். முதல் எபிசோடில், முதல் ஆட்டத்தில், மலை அவனைத் தலைக்குமேல் தூக்கிப் போட்டு ஜெயித்தார். கைதட்டல் முடிந்து போகும்போது குனிந்து, யாருக்கும் கேட்காமல், “நல்லா விழுந்தடா,” என்று சொல்லிவிட்டுப் போனார். “அப்புறம்?” என்றாள் அக்கா. “அப்புறம் என்ன? அவ்ளோதான்.” “வேற யாருமே சொன்னதில்லையா?” “வேற யாரு சொல்லுவாங்க?” என்றான். குறை சொல்கிற குரல் இல்லை அது. நேரம் கேட்டால் சொல்வது போலச் சொன்னான். ஏழு திரையில் ஐந்நூற்று அறுபத்தெட்டு முறை அவன் விழுந்ததைப் பார்த்தவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். மனைவி துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அக்கா பலகையைத் துடைத்தாள். வலப்பக்க வெற்று அட்டையை மட்டும் விட்டுவிட்டு, ஆறு மாதத்துக்கு அடுக்கியிருந்த அட்டைகளை எடுத்து டிராயரில் போட்டாள். எழுதப்போவது தன் தொழிலில் மிக மெதுவான கதையாக இருக்கும் என்று தெரிந்தது. அவசரப்பட்டு ஒரு பொய்க் காரணம் வந்து விழுந்துவிடக் கூடாதே என்று பயமாகவும் இருந்தது. முதல் ஆறு வாரம் எதையும் விளக்கவில்லை. வர்ணனையாளர்கள் மிதப்பதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று கட்டளை. ஆட்டம் நடக்கும், பதினைந்து நிமிஷத்தில் மணியடிக்கும், சமன். ஏழாவது வாரம், ஆட்டம் முடிந்தபின் கேமரா அவன் முகத்திலேயே பதினோரு விநாடி நின்றது. அவ்வளவு வருஷத்தில் அந்த முகத்தை அத்தனை நேரம் யாரும் பார்த்ததில்லை. பதினோராவது வாரம் அவன் தோற்ற எண்ணிக்கை திரையில் ஓரமாகப் போனது. பதினைந்தாவது வாரம் அவன் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நடைவழியில் மலை நொண்டிக்கொண்டே போனார். இருபதாவது வாரம் அவன் முதல் ஆட்டக் கதையைச் சொன்னான். இருபத்தைந்தாவது வாரம் மலையின் முன்னால் போய் நின்று, ஒலிபெருக்கியில், “நான் உங்ககிட்ட தோக்க வந்திருக்கேன்,” என்றான். கூடம் சிரித்தது. பிறகு சிரிப்பு அங்கங்கே நின்று, ஒருவர் விடாமல் அடங்கியது. மலை ஜெயித்தே ஓய்வுபெறுவது என்று ஆனதால், இடிக்குப் பட்டம் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. அவன் வருத்தப்படவில்லை என்று சொல்ல முடியாது. மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

அறுநூறாவது எபிசோடுக்கு முந்தின நாள் சேனல் அதிகாரி மாடியேறி வந்தார். ஆறு மாதம் இழுத்துவிட்டு அன்றைக்கும் முதுகு படாமல் சமனில் முடிந்தால், கதைக்காரி, விழுகிறவன் இரண்டு பேருமே வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றார். தச்சரை விட்டு விரிப்புக்கு அடியில் ஒரு பலகை ஏற்றிவிடலாமா, உடைக்குள் மணல் தைக்கலாமா என்றும் கேட்டார். இரண்டும் வேண்டாமென்றாள். “எறங்கி வராட்டி?” “வராட்டி நான் எழுதின காரணம் சரியில்லன்னு அர்த்தம் சார்.” அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அந்தப் பையனுக்காக எதுக்கும்மா இவ்வளவு என்றார். “அவன் என் தம்பி,” என்றாள். பதினோரு வருஷம் மூடிவைத்தது ஐந்து விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அதிகாரி, “இத முன்னாடியே சொல்லியிருந்தா அதையும் கதையில சேத்திருக்கலாமே,” என்று அங்கலாய்த்துக்கொண்டே இறங்கிப் போனார். அவர் போனதும் வலப்பக்கம் இருந்த வெற்று அட்டையை எடுத்து, தோற்கிறவர் வரிசையில் தம்பியின் பெயரைக் கெட்டி எழுத்தில் எழுதி ஒட்டினாள்.

ஆட்டத்தன்று அவள் கட்டுப்பாட்டு அறைக்குப் போகவில்லை. கூடத்தில் எட்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். மலை மெதுவாகத்தான் நகர்ந்தார். அவருடைய முட்டிக்கு எது முடியும், எது முடியாது என்று தம்பிக்குத் தெரியும். எறிவதற்கு அவர் கையை உயர்த்தும் முன்பே பாதி எழும்பிக் கொடுத்தான். ஒரு கட்டத்தில் தம்பி மிதப்பதையே பிடிமானமாக்கி, அவன் தோளைப் பற்றிக்கொண்டு பெரியவர் எழுந்து நின்றார். அதற்குக் கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசியில், முதல் எபிசோடில் செய்தது போலவே தலைக்குமேல் தூக்கிப் போட்டார். தம்பி மல்லாந்து இறங்கினான். நான்கு விரற்கடையில் நின்றான். மலை வலது முட்டியை மடக்க முடியாமல் மடக்கி, அவன்மேல் சாய்ந்தார். நடுவர் இடைவெளிக்குள் கை விட்டார். மூன்று விரல் நுழைந்தது. மறுபடி விட்டார், இரண்டு. மலை குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னார். நடுவரின் விரல் முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அவர் அதை உருவி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு கையை ஓங்கித் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

ஜனங்கள் அழுதார்கள் என்று பேப்பரில் வந்தது. உண்மைதான், ஆனால் எல்லாரும் இல்லை. பாதிப் பேர் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். உடை மாற்றும் அறைக்கு வெளியே, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற தம்பியிடம் அக்கா போனாள். சொல்வதற்குப் பெரிய பெரிய வாக்கியங்களாக வைத்திருந்தாள். “நல்லா விழுந்தடா,” என்பதுதான் வந்தது. “பாத்தியா நீ? என்னையா, கடிகாரத்தையா?” என்றான் அவன். அவனுக்கு அது எப்போதுமே தெரிந்திருக்கிறது. “உன்னைத்தான். எத்தன நிமிஷம் ஆச்சுன்னுகூட எனக்குத் தெரியாது,” என்றாள். இருபத்து மூன்று நிமிஷம், இருபத்தெட்டு திட்டம் போட்டிருந்தே, என்று அவன் சொல்லிக் கொடுத்தான். மலை காதில் என்ன சொன்னார் என்று கேட்டாள். அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். “‘சீக்கிரம் எறங்குடா, முட்டி போகுது’ன்னாரு.”

ஆகவே, அவனை இறக்கியது அவள் எழுதிய இருபத்தாறு வாரமா, பெரியவரின் முட்டியா என்பதில் அங்கே இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது. தெரியாமல் இருப்பது அவ்வளவு மோசமாகவும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தம்பி பழையபடி நான்கு விரற்கடை உயரத்தில்தான் இருந்தான். அதற்குப்பின் கடந்த ஆறு வருஷத்தில் நான்கு முறை தோற்றிருக்கிறான். நான்கையும் பார்த்தவர்கள் தேதியோடு சொல்வார்கள். மற்றபடி சமன். நடுவர் விதிப்புத்தகத்தில் எதையும் மாற்றவில்லை. படாதது படவில்லை, இதில் மாற்ற என்ன இருக்கிறது என்கிறார். மலை ஒரு முட்டியை மாற்றிக்கொண்டு, இன்னொன்றுக்குத் தேதி வாங்கியிருக்கிறார். வீட்டில் சோபா சுத்தமாக இருக்கிறது. மாடி அறையில் புதுக் கதை எழுதி முடிக்கும்போதெல்லாம், அது யாருடைய கதையாக இருந்தாலும், அக்கா தாள்களை எடுத்துக்கொண்டு கீழே வருவாள். தம்பி ரிங்கின் நடுவில் மல்லாந்து படுப்பான். தச்சர் அளவுகோலோடு பக்கத்தில் குந்துவார். அவள் வாசிப்பாள், யாராவது தோற்கிற இடம் வரும்போது நிறுத்துவாள். “இவன் ஏன்க்கா தோக்கறான்?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்பான் தம்பி. அவள் சொல்லிப் பார்ப்பாள்.

“இன்னும் ரெண்டு விரல் இருக்கு அக்கா,” என்பார் தச்சர்.

அவள் தாள்களை அடுக்கிக்கொண்டு மறுபடி மாடியேறிப் போவாள்.